ஒரு ஆங்கிளை மாற்றியதற்காக ஷெட் முழுவதையும் முதலிலிருந்து கணக்குப் போட வேண்டாம்

எங்கள் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலைக்காரர்கள் ஷெட் கேட்டு வருவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான். தோத்தாபுரி வரத்து தொடங்குவதற்குள் கூரை நிற்க வேண்டும், அதற்குள் இரும்பு எத்தனை டன் என்று தெரிய வேண்டும், தெரிந்த மறுநாளே "சார், இன்னும் ரெண்டு டன் கொறையுமா?" என்று போன் வரும். குறையுமா குறையாதா என்று சொல்ல வேண்டுமென்றால் உறுப்புகளின் அளவை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். கையால் பத்து தடவை பார்க்கலாம். ஜெனடிக் அல்காரிதம் (டிசைன்களைக் கலந்து கலந்து தலைமுறை தலைமுறையாக நல்லதைத் தேடும் முறை) மாதிரி எதையாவது ஓட்டினால் 40 டிசைன், 100 தலைமுறை என்று சாதாரணமாக 4000 தடவை பகுப்பாய்வு ஓடும். இரவு ஓடவிட்டுத் தூங்கினால் நடுவில் கரண்ட் போய், காலையில் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும், எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது.

அந்த 4000 தடவையும் கணினி செய்வது கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான். மேல் சார்டில், அதாவது டிரஸ்ஸின் மேல் விளிம்பில், இரண்டு ஆங்கிள் தடித்தது, ஒரு பிரேசிங் மெலிந்தது, மற்றதெல்லாம் நேற்று இருந்தது போலவே இருக்கிறது. நேற்றைய விடை கையில் இருக்கும்போது அதை வைத்து இன்றைய விடையை மலிவாக எடுப்பதற்குத்தான் மறுபகுப்பாய்வு என்று பெயர். எப்படிச் செய்வது என்பதை, பைத்தானில் ஒரு டிரஸ் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்குப் புரிகிற அளவில் சொல்கிறேன். பர்கூர், தருமபுரி பொறியியல் கல்லூரிகளில் புராஜெக்ட் செய்கிற பிள்ளைகளுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு கேள்வி, உங்களுக்கு இது தேவையா?

உங்கள் கூரை டிரஸ் டிடர்மினேட் என்றால், அதாவது ஒரு பக்கம் ஹிஞ்ச், ஒரு பக்கம் ரோலர், மிகையான உறுப்பு எதுவும் இல்லை என்றால், உறுப்பின் குறுக்குவெட்டுப் பரப்பை எப்படி மாற்றினாலும் உறுப்பு விசைகள் மாறவே மாறாது. சமநிலைச் சமன்பாடு மட்டுமே விசையைத் தீர்மானித்துவிடுகிறது. அப்படிப்பட்ட டிரஸ்ஸுக்கு ஒரே ஒரு பகுப்பாய்வு போதும். தொய்வு வேண்டுமென்றால் பழைய யூனிட் லோடு முறைதான்: ஒவ்வொரு உறுப்புக்கும் பளுவால் வரும் விசையையும், தொய்வு கேட்கும் இடத்தில் ஒரு அலகு பளு வைத்தால் வரும் விசையையும் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, பரப்பு மற்றும் ஈ மதிப்பால் (பொருளின் மீள்தன்மைக் குணகம்) வகுத்துக் கூட்டுங்கள். பரப்பு மாறினால் வகுக்கும் எண் மட்டும் மாறும், எக்செல் போதும். சுய எடை மாறுவதை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சாதாரண ஷெட்டுகளில் பாதிக்கும் மேல் இந்த வகைதான், இதற்குப் போய் நான்காயிரம் முறை மேட்ரிக்ஸ் தீர்ப்பது வீண் வேலை.

லேட்டிஸ் தூண், லேட்டிஸ் கர்டர், குறுக்கு பிரேசிங் எல்லாம் சேர்ந்த முப்பரிமாணச் சட்டம், மேல்நிலைத் தொட்டியின் ஸ்டேஜிங், டவர், இவையெல்லாம் இன்டிடர்மினேட், அதாவது விசையைச் சொல்ல சமநிலைச் சமன்பாடு மட்டும் போதாது. ஒரு உறுப்பைத் தடிமனாக்கினால் அது அதிக விசையை இழுத்துக்கொள்ளும், பக்கத்து உறுப்பில் விசை குறையும். இங்கேதான் மறுபகுப்பாய்வு தேவைப்படுகிறது.

நேரம் எங்கே போகிறது

கே மேட்ரிக்ஸ் என்று எல்லோரும் சொல்கிற விறைப்பு அணியை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் பளு வரும். இடப்பெயர்ச்சியைக் கண்டுபிடிக்க கே மேட்ரிக்ஸைச் சோலெஸ்கி முறையில் காரணிப்படுத்துகிறோம், அதாவது ஒரு முக்கோண அணியும் அதைத் திருப்பிப் போட்டதுமாகப் பிரிக்கிறோம், அப்புறம் அந்தக் காரணியை வைத்து முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரு முறை நடந்து விடை எடுக்கிறோம். சோலெஸ்கி பிரெஞ்சு ராணுவத்தில் நில அளவை வேலை பார்த்தவர், 1918-ல் முதல் உலகப் போரில் இறந்தார், அவருடைய முறை அச்சில் வந்தது 1924-ல். ஒரு தடவை சிரமப்பட்டுக் காரணிப்படுத்தி வைத்துக்கொண்டால், பிறகு எந்தப் பளு வந்தாலும் சுலபமாகத் தீர்க்கலாம் என்பதுதான் அந்த முறையின் பலம். மறுபகுப்பாய்வு முழுக்க இந்த ஒரு பலத்தின் மேல்தான் நிற்கிறது.

எண்ணில் பாருங்கள். 3000 சமன்பாடு, அரை பேண்ட்வித் (கே மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்திலிருந்து பூஜ்யமல்லாத எண்கள் பரவியிருக்கும் அகலம்) 150 என்று வைத்துக்கொள்வோம். காரணிப்படுத்த ஆகும் பெருக்கல்கள், சமன்பாட்டு எண்ணிக்கையைப் பேண்ட்வித்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால், சுமார் 3.4 கோடி. காரணி கையில் இருந்தால் ஒரு பளுவுக்குத் தீர்க்க ஆவது சுமார் 9 லட்சம்தான். அதாவது ஒரு காரணிப்படுத்தலின் விலையில் 37 தடவை தீர்த்துவிடலாம். பேண்ட்வித் 600 ஆனால் இந்த விகிதம் 150 ஆகிறது. மாடல் பெரிதாகப் பெரிதாக மறுபகுப்பாய்வின் லாபமும் பெரிதாகும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஆனால் இந்தக் கணக்கை நம்பி உடனே எழுத உட்கார வேண்டாம். உங்கள் மாடலில், உங்கள் லேப்டாப்பில், காரணிப்படுத்த எத்தனை மில்லி செகண்ட், ஒரு தடவை தீர்க்க எத்தனை என்று முதலில் அளந்து பாருங்கள். பூஜ்யங்களைத் தவிர்த்துக் கணக்கிடும் ஸ்பார்ஸ் சால்வர் என்றால் விகிதம் வேறாக இருக்கும். பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் காரணிப்படுத்தவும், அந்தக் காரணியை வைத்துத் தீர்க்கவும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. நிறைய பேர் இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஒற்றைக் கட்டளையை லூப்புக்குள் போட்டுவிடுகிறார்கள், அல்லது அதைவிட மோசமாக நேர்மாறு அணியையே எடுக்கிறார்கள். அதைத் திருத்தினாலே பாதி நேரம் மிச்சமாகிவிடும் புரோகிராம்களைப் பார்த்திருக்கிறேன்.

மாறியது சில உறுப்புகள் மட்டும் என்றால்

டிரஸ்ஸில் ஒரு உறுப்பின் பரப்பு மாறுவது கே மேட்ரிக்ஸில் மிகச் சின்ன மாற்றம், ஒரே ஒரு திசையில் நடக்கும் மாற்றம். ஷெர்மனும் மோரிசனும் 1950-ல் வெளியிட்ட சூத்திரம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதே ஆண்டில் உட்பரி அதைப் பல உறுப்புகளுக்கு விரித்தார். இது தோராயம் இல்லை, துல்லியமான விடை தரும்.

கையால் போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். இரண்டு ஸ்பிரிங் வரிசையாக, மேல் முனை சுவரில், ஒவ்வொன்றின் விறைப்பும் 1, அடிமுனையில் பளு 1. இடப்பெயர்ச்சி (1, 2). இப்போது சுவரோடு சேர்ந்த முதல் ஸ்பிரிங்கின் விறைப்பை 2 ஆக்குகிறோம், மாற்றத்தின் அளவு 1. அந்த ஸ்பிரிங் நீளும் திசை (1, 0). பழைய காரணியை வைத்து, பளுவின் இடத்தில் (1, 0) போட்டுத் தீர்த்தால் (1, 1) வரும், இதைத் துணை விடை என்று சொல்வோம். அப்புறம் ஒரு பின்னம்: மேலே, மாற்றத்தின் அளவு 1, பெருக்கல் பழைய விடையில் அந்த ஸ்பிரிங் நீண்ட அளவு 1. கீழே, 1 கூட்டல், மாற்றத்தின் அளவு 1 பெருக்கல் துணை விடையில் அதே ஸ்பிரிங் நீண்ட அளவு 1. ஆக அரை. பழைய விடை (1, 2)-லிருந்து துணை விடையில் அரைப்பங்கைக் கழித்தால் (0.5, 1.5). புது கே மேட்ரிக்ஸை நேரடியாகத் தீர்த்தாலும் இதேதான் வரும்.

ஐந்து உறுப்பு மாறினால் ஐந்து துணை விடைகளும், பின்னத்துக்குப் பதில் ஒரு 5×5 சின்ன மேட்ரிக்ஸும் வரும், அவ்வளவுதான். துணை விடைகள் பளுவைச் சார்ந்தவை அல்ல, எனவே எத்தனை லோடு கேஸ் (பளு நிலை) இருந்தாலும் அவற்றை ஒரு தடவை எடுத்தால் போதும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். மாடலில் 1000 உறுப்பு என்றால் ஆயிரத்துக்கும் முன்கூட்டியே துணை விடை எடுத்துச் சேமித்துவிடுங்கள். 3000 சமன்பாட்டுக்கு அது 24 மெகாபைட்தான் ஆகிறது, ஆகும் நேரம் சுமார் 27 காரணிப்படுத்தலுக்குச் சமம். அதன் பிறகு எந்த உறுப்பை மாற்றினாலும் ஒரு சின்ன மேட்ரிக்ஸ் தீர்ப்பதோடு வேலை முடியும்.

உறுப்பையே நீக்கிப் பார்ப்பதற்கும் இதே சூத்திரம்தான், மாற்றத்தின் அளவை அந்த உறுப்பின் முழு விறைப்புக்கு மைனஸாகப் போடுங்கள். பின்னத்தின் கீழ்ப்பகுதி பூஜ்யம் ஆனால் அந்த உறுப்பு போனதும் சட்டம் நிற்காது என்று அர்த்தம். மேலே சொன்ன முதல் ஸ்பிரிங்கை எடுத்துப் பாருங்கள், 1 கழித்தல் 1, பூஜ்யம், பளு கீழே விழுகிறது. எல்லா உறுப்புகளுக்கும் ஒவ்வொன்றாக இந்தக் கீழ்ப்பகுதியைக் கணக்கிட்டு எல்லாவற்றையும் கூட்டினால், சட்டத்தில் எத்தனை மிகை உறுப்பு இருக்கிறதோ அந்த எண் துல்லியமாக வர வேண்டும். புரோகிராம் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. நடைமுறையில் யாரும் ஒற்றை ஆங்கிளை மட்டும் மாற்றுவதில்லை. மேல் சார்டு முழுக்க ஒரே செக்ஷன், வெப் (சார்டுகளுக்கு நடுவில் உள்ள உறுப்புகள்) முழுக்க ஒரே செக்ஷன் என்று குழுவாகத்தான் மாற்றுகிறோம், இல்லையென்றால் ஃபேப்ரிகேஷன் யார்டில் தலைவலி. குழுவை மாற்றினால் ஒரே அடியில் 80, 100 உறுப்பு மாறிவிடும், சின்ன மேட்ரிக்ஸ் சின்னதாக இருக்காது. அங்கே அடுத்த முறைக்குப் போக வேண்டும்.

எல்லா உறுப்பும் கொஞ்சம் கொஞ்சம் மாறினால்

இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை தொடர். பழைய இடப்பெயர்ச்சியை எடுத்து, விறைப்பில் வந்த மாற்றத்தால் பெருக்கி, அதைப் பளுவாக நினைத்துப் பழைய காரணியால் தீர்த்தால் ஒரு திருத்தம் கிடைக்கும், அதைக் கழி, அதிலிருந்து அடுத்த திருத்தம், அதைக் கூட்டு, இப்படியே போ. சின்ன மாற்றத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். நம் ஸ்பிரிங்கில் போட்டுப் பாருங்கள்: திருத்தம் (1, 1). கழித்தால் (0, 1). அடுத்த திருத்தமும் (1, 1)-தான், கூட்டினால் திரும்ப (1, 2). திரும்பக் கழித்தால் (0, 1). இப்படியே முடிவில்லாமல் ஊஞ்சலாடும், சரியான (0.5, 1.5) நடுவில் இருக்கிறது, தொடர் அதைத் தொடவே தொடாது. விறைப்பை இரண்டு மடங்குக்கும் மேலே ஏற்றியிருந்தால் ஊஞ்சல் பெரிதாகிக்கொண்டே போய் விடை வெடித்துவிடும்.

இது புத்தகத்துக்காகச் செய்த உதாரணம் என்று நினைக்க வேண்டாம். 50×50×6 ஆங்கிளின் பரப்பு 568 சதுர மில்லிமீட்டர், 90×90×8 ஆங்கிளின் பரப்பு 1379. சந்தையில் கிடைக்கும் செக்ஷன்களில் நான்கைந்து படி தாவினாலே இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறோம். நான் முதன்முதலில் எழுதிய புரோகிராம் தொடரைத்தான் நம்பியது, கூரை ஒன்றரை மீட்டர் மேல்நோக்கி வளைவதாகக் காட்டியது, தப்பு எங்கே என்று ஒரு வாரம் தேடினேன்.

திருத்தங்களின் திசை சரிதான், எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதில்தான் தப்பு. தொடர் ஒவ்வொரு திருத்தத்தையும் முழுதாக, ஒரு பங்கு, ஒரு பங்கு என்று எடுக்கிறது. எத்தனை பங்கு என்பதைப் புது கே மேட்ரிக்ஸிடமே கேட்டுவிட்டால் என்ன? இஸ்ரேலின் டெக்னியனில் இருந்த ஊரி கிர்ஷ் 1990-களில் வளர்த்தெடுத்த ஒருங்கிணைந்த தோராய முறை இதைத்தான் செய்கிறது.

அதே ஸ்பிரிங். முதல் திசை பழைய விடை (1, 2), இரண்டாவது திசை முதல் திருத்தம் (1, 1). புது கே மேட்ரிக்ஸால் இரண்டையும் பெருக்கினால் முறையே (1, 1), (2, 0). இவற்றை மறுபடியும் அந்தத் திசைகளோடு பெருக்கிக் கூட்டினால் ஒரு 2×2 மேட்ரிக்ஸ்: மேல் வரி 3, 2, கீழ் வரி 2, 2. பளுவை அந்தத் திசைகளோடு பெருக்கினால் 2, 1. தீர்த்தால் பங்குகள் 1-ம் மைனஸ் அரையும். (1, 2)-லிருந்து (1, 1)-ன் அரைப்பங்கைக் கழித்தால் (0.5, 1.5), கச்சிதம். தொடர் ஒரு முழுப் பங்கு எடுத்த இடத்தில் இது அரை எடுத்தது, வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டே சமன்பாடு இருப்பதால் இங்கே துல்லியமாக வந்தது. 3000 சமன்பாட்டில் 3 முதல் 5 திசை வைத்தால் பெரும்பாலும் டிசைனுக்குப் போதுமான விடை வந்துவிடுகிறது. எல்லா உறுப்பும் ஒரே விகிதத்தில் மாறினால் ஒரே ஒரு திசையிலேயே துல்லியம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை. விறைப்பு மாற்றத்தால் பெருக்கும்போது முழு மேட்ரிக்ஸையும் எடுக்காமல் மாறிய உறுப்புகளை மட்டும் சுற்றி வாருங்கள். நான்காவது, ஐந்தாவது திசைகள் முந்தையவற்றோடு கிட்டத்தட்ட இணையாகிவிடும், சின்ன மேட்ரிக்ஸ் கெட்டுப்போகும், அதனால் ஒவ்வொரு புதுத் திசையையும் முந்தையவற்றுக்குச் செங்குத்தாக்கிக்கொள்ளுங்கள், அதுவும் புது கே மேட்ரிக்ஸின் கணக்கில் செங்குத்தாக. அப்படிச் செய்துவிட்டால் சின்ன மேட்ரிக்ஸைத் தீர்க்கவே தேவையில்லை, ஒவ்வொரு பங்கும் ஒரு பெருக்கலில் வந்துவிடும். இவ்வளவையும் எழுதப் பொறுமை இல்லையா, சைபையில் இருக்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் (சுற்றுச் சுற்றாக விடையை நெருங்கும் முறை) கட்டளைக்குப் பழைய காரணியை முன்சீராக்கியாக (preconditioner) கொடுத்து, பூஜ்யத்திலிருந்து தொடங்கி, நான்கைந்து சுற்று ஓட்டுங்கள். கணிதத்தில் இரண்டும் ஒன்றேதான்.

லோடு கேஸ் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். உட்பரி முறையைப் போல இல்லை, இந்தத் திசைகள் ஒவ்வொரு பளுவுக்கும் தனித்தனி. 12 பளுச் சேர்க்கை இருக்கிறது என்று 12-க்கும் மூன்று மூன்று திசை கூடுதலாக எடுத்தால் 36 தடவை தீர்க்க வேண்டும், புதிதாகக் காரணிப்படுத்தும் விலைக்கே வந்துவிட்டது. சேர்க்கைகளைத் தீர்க்காதீர்கள். நிலைப்பளு, கூரையின் உயிர்ப்பளு, இரண்டு திசைக் காற்று என நான்கு அடிப்படைப் பளுவை மட்டும் தீர்த்து, சேர்க்கைகளைப் பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். நான்குக்கு 12 தடவை தீர்ப்பது, எதிரே ஒரு காரணிப்படுத்தலும் நான்கு தீர்வும் சேர்ந்து 41-க்குச் சமம், ஆக மூன்று மடங்குக்கு மேல் வேகம். பேண்ட்வித் 600 மாடலில் அதே 12-க்கு எதிரே 154 நிற்கும். நிலைப்பளுவில் மட்டும் சுய எடையும் மாறுவதால் முதல் திசையைப் புது எடையோடு ஒரு தடவை தீர்த்து எடுக்க வேண்டும்.

விடையை எப்போது நம்பலாம்

கிடைத்த இடப்பெயர்ச்சியைப் புது கே மேட்ரிக்ஸால் பெருக்கி, பளுவிலிருந்து கழியுங்கள். மிச்சம் வருவது வெறும் எண் இல்லை, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சமன் ஆகாமல் நிற்கும் விசை, கிலோநியூட்டனில். 40 கிலோநியூட்டன் வருகிற ஜாயின்ட்டில் 0.1 மிச்சம் என்றால் நிம்மதி, 4 மிச்சம் என்றால் வேண்டாம். நான் பளுவோடு ஒப்பிட்டு ஆயிரத்தில் ஒரு பங்கை எல்லையாக வைத்திருக்கிறேன். ஐந்து திசைக்குள் அது வரவில்லை என்றால் தயங்காமல் அந்த டிசைனைப் புதிதாகக் காரணிப்படுத்திவிடுகிறேன், அதற்குப் பிறகு வருகிற டிசைன்களுக்கு அதுவே புது அடிப்படை. ஜெனடிக் அல்காரிதத்தில் டிசைன்கள் அங்கும் இங்கும் சிதறும், அங்கே ஐந்தாறு காரணிகளைச் சேமித்து வைத்து, வருகிற டிசைனுக்கு எது பக்கமோ அதை எடுப்பது நல்லது.

இடப்பெயர்ச்சி நன்றாக ஒத்துப்போனாலும் உறுப்பு விசையில் பிழை அதிகமாக இருக்கும், ஏனென்றால் விசை என்பது இரண்டு முனை இடப்பெயர்ச்சிகளின் வித்தியாசம். ஐஎஸ் 800 என்ற இந்திய எஃகுக் கட்டுமான விதிப்படி அமுக்க உறுப்புகளைச் சரிபார்க்கும்போது, வரும் விசைக்கும் தாங்கும் விசைக்கும் உள்ள விகிதம் 0.98 என்று வந்து பாஸ் ஆன உறுப்பு, உண்மையில் 1.01 ஆக இருக்கலாம். தேடும் வேலைக்கு மட்டும் மறுபகுப்பாய்வு. யார்டுக்கு வரைபடம் போகும் டிசைனை முழுதாகக் காரணிப்படுத்தி, முழுதாகப் பகுப்பாய்வு செய்து, அப்புறம்தான் அனுப்ப வேண்டும். இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை, அடியில் ஆட்கள் வேலை செய்கிற கூரை அது.

பழகிப் பார்க்க, உலகம் முழுக்க எல்லோரும் போட்டுப் பார்க்கும் பத்து உறுப்பு டிரஸ்ஸை எடுங்கள். ஆறு ஜாயின்ட், இரண்டு சுவரில், எட்டு சமன்பாடு, 360 அங்குல சதுரங்கள், ஈ மதிப்பு சதுர அங்குலத்துக்கு 1 கோடி பவுண்டு, அடர்த்தி கன அங்குலத்துக்கு 0.1 பவுண்டு, கீழ் ஜாயின்ட்டுகள் இரண்டிலும் ஒரு லட்சம் பவுண்டு பளு, எந்த ஜாயின்ட்டும் 2 அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது, அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 25,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. எல்லாப் பரப்பையும் 10 சதுர அங்குலமாக வைத்துத் தொடங்குங்கள். முதலில் பத்து உறுப்புக்கும் நீக்கல் பின்னத்தின் கீழ்ப்பகுதியைக் கூட்டுங்கள், 2 வர வேண்டும், வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள். அப்புறம் ஒன்றை மட்டும் மாற்றி உட்பரி, எல்லாவற்றையும் மாற்றி கிர்ஷ் முறை, இரண்டையும் நேரடித் தீர்வோடு ஒப்பிடுங்கள். சிறந்த விடையில் சில உறுப்பு 30 சதுர அங்குலத்துக்கும் சில உறுப்பு குறைந்தபட்ச எல்லையான 0.1-க்கும் போய்விடும், மொத்த எடை 5061 பவுண்டு பக்கம், நம் கணக்கில் ஏறக்குறைய 2296 கிலோ. தொடக்கத்திலிருந்து அங்கே போகும் வழியில் தொடர் எந்த இடத்தில் உடைகிறது, மூன்று திசை எந்த இடத்தில் போதாமல் போகிறது, எத்தனை தடவை புதிதாகக் காரணிப்படுத்த வேண்டி வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். உங்கள் சொந்த ஷெட்டுக்கு எல்லையை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய அந்தத் தாள்தான் உதவும்.